குவிந்த வீடுகளும் கேமராக்களும்: குவிப்புக் கோளாறு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொருட்கள் குவிந்து உள்ளே நுழைய வழியில்லாத ஒரு வீடு. வாசலில் வரிசையாக நிற்கும் லாரிகள். ஒரு பையை இறுகப் பிடித்துக்கொண்டு அழும் மூதாட்டி, அவரைப் பார்த்துக் கத்தும் மகள். அமெரிக்க, பிரிட்டன் தொலைக்காட்சிகள் ஆண்டுக்கணக்காக ஒளிபரப்பிவரும் ரியாலிட்டி நிகழ்ச்சிகளின் இந்தக் காட்சிகளை இன்று யார் வேண்டுமானாலும் கைப்பேசியில் பார்த்துவிடலாம். பார்த்தவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த நிகழ்ச்சிகள் வீட்டை அக்கறையோடு படம்பிடிக்கின்றன; பொருட்களை விட முடியாமல் சேர்த்துக்கொண்டே போகும் குவிப்புக் கோளாறு என்ற நோயைத் தவறவிடுகின்றன. நோய் குடியிருப்பது முடிவெடுக்கும் மனதில். அதைத் தீர்க்க மாதங்கள் ஆகும். கேமராவுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது.

இது உண்மையிலேயே நோயா, இல்லை சோம்பேறித்தனத்துக்கு வைத்த பெயரா?

நோய்தான். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-இல் வெளியிட்ட டிஎஸ்எம்-5 என்ற நோயறிதல் கையேட்டில் இது தனிக் கோளாறாக இடம்பெற்றது. அதற்கு முன்பு ஓசிடி எனப்படும் எண்ணச் சுழற்சி நோயின் கிளையாகவோ, ஒருவகை ஆளுமைக் கோளாறின் அறிகுறியாகவோதான் கருதிவந்தார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 தொகுப்பும் இதைத் தனியாகவே வகைப்படுத்துகிறது. அந்தத் தொகுப்பு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது.

கையேடு சொல்வது இதுதான். ஒரு பொருளுக்கு மதிப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதை விட்டுப் பிரிவது தொடர்ந்து கடினமாக இருக்கும். பிரிய நேர்ந்தால் மனவேதனை உண்டாகும். அதன் விளைவாகப் புழங்கும் அறைகள் நிரம்பி, சமையலறையில் சமைக்க முடியாமலும் படுக்கையில் படுக்க முடியாமலும் போகும். இன்னொரு வரியும் அதில் இருக்கிறது: வீடு ஒழுங்காக இருப்பது குடும்பத்தாரோ துப்புரவாளர்களோ அதிகாரிகளோ தலையிட்டதால் மட்டும்தான் என்றால், நோய் நீங்கிவிட்டதாகக் கொள்ளக் கூடாது. இந்த வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

சோம்பலுக்கும் இதற்கும் வெகுதூரம். இந்நோய் உள்ள பலர் காலையில் ஒரு குவியலின் முன் உட்கார்ந்து, ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, யோசித்து, மாலையில் அதே பொருட்களைப் பக்கத்தில் வேறொரு குவியலாக அடுக்கி வைத்திருப்பார்கள். நாள் முழுக்க உழைத்திருப்பார்கள், ஆனால் ஒரு காகிதம்கூட வெளியே போயிருக்காது.

எத்தனை பேருக்கு இருக்கிறது?

அமெரிக்க, ஐரோப்பிய ஆய்வுகளை வைத்து மக்கள்தொகையில் 2 முதல் 6 விழுக்காடு வரை என்று டிஎஸ்எம்-5 மதிப்பிடுகிறது. குறைந்தபட்ச அளவை எடுத்துக்கொண்டாலும் ஐம்பதில் ஒருவர். அவர்களில் மிகப் பெரும்பாலோரின் வீட்டுக்குள் எந்தக் கேமராவும் போனதில்லை. கதவு மணி அடித்தால் மூச்சை அடக்கிக்கொண்டு உள்ளே இருப்பவர்கள் அவர்கள்.

என் வீட்டிலும் பொருள் நிறைந்து கிடக்கிறது. எனக்கும் இருக்குமோ?

பொருள் நிறைய இருப்பது மட்டும் நோய் ஆகாது. நீங்கள் அடுப்பைப் பயன்படுத்த முடிகிறதா, கட்டிலில் படுக்க முடிகிறதா, விருந்தினரை உள்ளே அழைக்க முடிகிறதா, வேண்டாத ஒன்றை வேதனையில்லாமல் விட முடிகிறதா என்று பாருங்கள்.

ஆய்வாளர்கள் பயன்படுத்தும் ஒரு படத்தொகுப்பு இருக்கிறது. வரவேற்பறை, சமையலறை, படுக்கையறை மூன்றுக்கும் தலா ஒன்பது படங்கள். முதல் படத்தில் அறை வெறிச்சென்று இருக்கும், ஒன்பதாவதில் கூரையைத் தொடும் அளவுக்கு நிரம்பியிருக்கும். உங்கள் அறை எந்தப் படத்தைப் போல இருக்கிறது என்று காட்டச் சொல்வார்கள். நான்காம் படத்தையோ அதற்கு மேலோ காட்டினால் உதவி தேவைப்படலாம் என்று பொருள். இதைப் படங்களாக வைத்ததற்குக் காரணம் உண்டு. ‘கொஞ்சம் கலைந்து கிடக்கிறது’ என்று ஒருவர் சொல்வதும் ‘நடக்க இடமில்லை’ என்று அவர் மகன் சொல்வதும் ஒரே அறையைப் பற்றியதாக இருக்கும்.

தபால்தலை, நாணயம் சேர்ப்பவர்களும் இப்படித்தானே?

இல்லை. சேகரிப்பவர் தேடி வாங்குவார், வகைப்படுத்துவார், வந்தவர்களுக்கு எடுத்துக் காட்டுவார். குவிப்புக் கோளாறு உள்ளவர் காட்ட மாட்டார், மறைப்பார்.

அப்படியென்றால் ஏன் தூக்கிப்போட முடிவதில்லை? வெறும் பழைய காகிதம்தானே?

இதுதான் எல்லாவற்றுக்கும் நடுவில் உள்ள கேள்வி. நிகழ்ச்சிகளில் இதற்கு அரை நிமிடம் ஒதுக்கினால் பெரிது.

அமெரிக்காவின் ஸ்மித் கல்லூரிப் பேராசிரியர் ராண்டி ஃப்ராஸ்ட் 1990-களின் தொடக்கத்திலிருந்து இதை முறையாக ஆராய்ந்தார். பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் கெயில் ஸ்டெகெட்டியும் அவரோடு சேர்ந்து பணியாற்றினார். அவர்கள் கண்ட காரணங்கள் நம் எல்லோரிடமும் இருப்பவைதாம். ‘என்றாவது உதவும்.’ ‘இது அவர் நினைவாக இருக்கிறது.’ ‘அழகாக இருக்கிறது.’ ‘வீணாக்குவது பாவம்.’ வேறுபாடு இவற்றின் அளவில் இருக்கிறது. கழுத்து உடைந்த ஒரு விளக்கைப் பார்த்து நீங்களும் நானும் ஒரு பயனை நினைப்போம். அவர்கள் பத்தை நினைப்பார்கள். பத்தும் நியாயமாகவே இருக்கும். அந்தப் பத்து வாய்ப்பையும் தன் கையால் அழிப்பதாக உணர்பவரால் அதை எப்படிக் குப்பைத் தொட்டியில் போட முடியும்?

வகைப்படுத்துவதிலும் சிக்கல் இருக்கிறது. மின்கட்டண ரசீதுகள் நமக்கு ஒரே வகை, ஒரு கோப்பில் போட்டுவிடுவோம். அவர்களுக்கு ஒவ்வொரு ரசீதும் தனித்தன்மை உடையது, எதோடும் சேராதது. கோப்புக்குள் போனால் மறந்துவிடுவோமோ என்ற பயமும் சேர்ந்துகொள்ளும். அதனால் எல்லாம் கண்ணுக்குத் தெரியும்படி மேலே மேலே வைக்கப்படுகிறது. பல நேரங்களில் எந்தக் குவியலில் எந்த ஆழத்தில் எது இருக்கிறது என்று அவர்களால் சொல்ல முடியும். வேறொருவர் கை பட்டுக் குவியல் கலைந்தால் அவர்கள் பதறுவது இதனால்தான்.

மூளையில் நடப்பதையும் பார்த்திருக்கிறார்கள். உளவியலாளர் டேவிட் டோலினும் குழுவினரும் 2012-இல் வெளியிட்ட ஆய்வு அது. பங்கேற்றவர்களை வீட்டிலிருந்து தபால் காகிதங்களைக் கொண்டுவரச் சொன்னார்கள். ஆய்வகமும் தன் பங்குக்குக் கொஞ்சம் காகிதங்களைச் சேர்த்தது. ஸ்கேன் கருவிக்குள் படுத்தபடி ஒவ்வொரு காகிதத்தின் படத்தையும் பார்த்து, வைத்துக்கொள்வதா அழிப்பதா என்று முடிவு சொல்ல வேண்டும். அழிக்கலாம் என்றால் அந்தக் காகிதம் உண்மையிலேயே இயந்திரத்தில் நறுக்கப்படும். ஆய்வகத்தின் காகிதங்கள் வந்தபோது, குவிப்புக் கோளாறு உள்ளவர்களின் மூளையில் முன்புற சிங்குலேட் புறணியும் இன்சுலாவும் மற்றவர்களைவிட மந்தமாகவே இயங்கின. சொந்தக் காகிதம் வந்ததும் அதே பகுதிகள் அளவுக்கு மீறிக் கிளர்ந்தெழுந்தன. எது முக்கியம், எது தவறாகிவிடும் என்பதை உணர்த்தும் பகுதிகள் அவை. யாரோ அனுப்பிய விளம்பரத் தாள் அந்த நொடியில் அவருக்குப் பெரும் முடிவாகிவிடுகிறது. ‘வெறும் காகிதம்தானே’ என்று பக்கத்தில் நின்று சொல்வதால் அது தணியாது.

வறுமையில் வளர்ந்ததால் வருகிறதா?

அப்படித்தான் பலரும் நினைக்கிறார்கள். ஃப்ராஸ்ட் 1993-இல் வெளியிட்ட ஆய்விலேயே இளமை வறுமைக்கும் இதற்கும் தொடர்பு தென்படவில்லை. குடும்பத்தில் தொடர்வது தெளிவாகத் தெரிகிறது. பிரிட்டனில் இரட்டையர்களிடம் நடத்தி 2009-இல் வெளியான ஆய்வு, பெண்களிடம் ஏறத்தாழ பாதிப் பங்கு மரபணுவால் என்று கணக்கிட்டது. இழப்பும் அதிர்ச்சியும் பலருக்கு நோயைத் தீவிரமாக்கியிருக்கின்றன. மனச்சோர்வு, பதற்றம், கவனக்குறைவுக் கோளாறு ஆகியவை சேர்ந்தே வருவதும் அதிகம்.

முதியவர்களுக்கு மட்டும்தானே வருகிறது?

திரையில் பெரும்பாலும் முதியவர்களையே பார்ப்பதால் அப்படித் தோன்றுகிறது. அறிகுறிகள் பெரும்பாலும் 11 முதல் 15 வயதுக்குள் தலைகாட்டிவிடுகின்றன. அந்த வயதில் பெற்றோர் அறையைச் சுத்தம் செய்துவிடுவதால் தெரிவதில்லை. முப்பதுகளின் நடுவில் வாழ்க்கையைக் குலைக்கும் அளவுக்கு வளர்ந்திருக்கும். பிறகு பத்தாண்டுக்குப் பத்தாண்டு கூடும். கணவரோ மனைவியோ இறந்து, பிள்ளைகள் போய், தடுக்க ஆளில்லாத வீட்டில்தான் அது முழு உருவம் எடுக்கிறது.

தொலைக்காட்சிக்கு இந்த ஆர்வம் எப்போது வந்தது?

வேடிக்கை பார்க்கும் ஆர்வம் தொலைக்காட்சிக்கும் மூத்தது. நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் ஐந்தாம் அவென்யூவில் ஹோமர், லாங்லி காலியர் என்று இரு சகோதரர்கள் இருந்தார்கள். ஹோமருக்குப் பார்வை போய்விட்டது. என்றாவது பார்வை திரும்பும்போது படிக்கட்டும் என்று லாங்லி ஆண்டுக்கணக்கில் நாளிதழ்களை அடுக்கி வைத்தார். 1947 மார்ச்சில் காவல்துறை உள்ளே நுழைந்தபோது ஹோமர் இறந்து கிடந்தார். லாங்லியை நாடெங்கும் தேடினார்கள். இரண்டு வாரங்களுக்கு மேல் கழித்து, ஹோமர் இருந்த இடத்திலிருந்து சுமார் பத்தடி தூரத்திலேயே அவர் உடல் கிடைத்தது. தம்பி அண்ணனுக்கு உணவு கொண்டுபோகும் வழியில், திருடருக்காகத் தானே வைத்த பொறி சரிந்து புதைந்துவிட்டிருந்தார். அந்த வீட்டிலிருந்து நூறு டன்னுக்கு மேல் பொருட்களை வெளியேற்றினார்கள். பியானோக்கள் மட்டும் 14. அதைப் பார்க்கத் தெருவில் கூட்டம் கூடி நின்றது.

பிரிட்டனில் 1999-இல் பிபிசி ஒளிபரப்பிய ‘எ லைஃப் ஆஃப் க்ரைம்’ (A Life of Grime, ‘அழுக்கு வாழ்க்கை’) தொடர், நகராட்சிச் சுகாதார அதிகாரிகளின் வேலையைப் பின்தொடர்ந்தது. லண்டனில் வசித்த எட்மண்ட் ட்ரெபஸ் என்ற முதியவர் அதனால் நாடறிந்தவரானார். போலந்தில் பிறந்து இரண்டாம் உலகப் போரில் பங்கேற்றவர் அவர். தன் பொருட்களை அகற்ற வந்த அதிகாரிகளிடம் அவர் மல்லுக்கு நின்றதை மக்கள் ரசித்தார்கள்.

இன்று நாம் பார்க்கும் வடிவத்தை நிலைநிறுத்தியது அமெரிக்காவின் ஏ அண்ட் ஈ தொலைக்காட்சி. ‘ஹோர்டர்ஸ்’ என்ற அதன் நிகழ்ச்சி 2009 ஆகஸ்டில் தொடங்கியது. அடுத்த ஆண்டே டிஎல்சி ‘ஹோர்டிங்: பரீட் அலைவ்’ என்று தன் தொடரைக் கொண்டுவந்தது. பிரிட்டனின் சேனல் 4 2012-இல் ‘தி ஹோர்டர் நெக்ஸ்ட் டோர்’ தொடரைத் தொடங்கியது.

திரையில் காண்பது எவ்வளவு உண்மை?

வீடு உண்மை, கண்ணீர் உண்மை. தேர்வும் வரிசையும் தயாரிப்பாளருடையவை.

முதலில் தேர்வு. அழுகிய உணவு, எலி, மனிதக் கழிவு இருக்கும் வீடுகள்தாம் திரைக்கு வருகின்றன. ஆனால் குவிப்பும் அசுத்தமும் ஒன்றல்ல. இந்நோய் உள்ள பெரும்பாலோர் வீட்டில் துணி, புத்தகம், காகிதம், பெட்டி, பிரிக்காத பைகள்தாம் இருக்கும். நெரிசல் இருக்கும், நாற்றம் இருக்காது. நிகழ்ச்சியைப் பார்த்துப் பழகியவர் அந்த வீட்டுக்குள் போனால், ‘அந்த அளவுக்கு இல்லையே’ என்று சொல்லிவிட்டு வந்துவிடுவார். அங்கே உதவி தள்ளிப்போகிறது. எனக்கு மிகுந்த கவலை தருவது இதுதான்.

அடுத்தது கெடு. கதை எப்போதும் ஒரு நெருக்கடியில் தொடங்கும். வீட்டு உரிமையாளர் காலி செய்யச் சொல்லிவிட்டார், நகராட்சி நோட்டீஸ் ஒட்டிவிட்டது, குழந்தைகளை அரசு கொண்டுபோய்விடும். பிறகு லாரியும் ஆட்களும் வருவார்கள். குடும்பத்தார் எல்லோரும் ஒரே நாளில் கூடுவார்கள். ‘ஹோர்டர்ஸ்’ தொடரின் முதல் பருவங்களில் ஒரு மணி நேரத்துக்குள் இரண்டு வீடுகளின் கதை முடிந்தாக வேண்டும். இரண்டு மூன்று நாள் வேலை, இருபது நிமிடக் கதையாகச் சுருங்கும். ஒரு மூதாட்டி ஒரு பொம்மையை முக்கால் மணி நேரம் கையில் வைத்து யோசித்திருக்கலாம். நாம் பார்ப்பது, அவர் பொம்மையைப் பிடுங்குவதும் மகள் முகத்தைத் திருப்பிக்கொள்வதும்தான். யோசித்த நேரம் வெட்டப்பட்டுவிட்டது. அந்த நேரத்தில்தான் அவருடைய நோய் முழுவதும் இருந்தது.

கடைசியில் திரையில் இரண்டு வரி எழுத்து வரும். இவர் ஆலோசகரிடம் போய்வருகிறார், அல்லது தொடர் உதவியை மறுத்துவிட்டார் என்று. மறுத்துவிட்டார் என்று படிக்கும்போது பார்ப்பவர் மனம் சட்டென்று அவருக்கு எதிராகத் திரும்புகிறது. லாரிகள் போன மறுநாள் அந்த வீட்டில் அவர் எப்படித் தூங்கினார் என்று யாரும் காட்டவில்லை.

வீடு சுத்தமாகிவிட்டதே, அது நல்லதுதானே?

பொருளை அகற்றியதால் நோய் அகலவில்லை. நான் நினைவில் வைக்கச் சொன்ன வரி இங்கேதான் பொருந்துகிறது.

ஃப்ராஸ்ட், ஸ்டெகெட்டி குழுவினர் பதிவுசெய்த ஒரு நிகழ்வு உண்டு. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஒரு சிறிய ஊரின் சுகாதாரத் துறை, ஒரே ஒரு வீட்டைக் கட்டாயமாகக் காலிசெய்ய 16,000 டாலர் செலவழித்தது. துறையின் நிதியில் பெரும்பகுதி அதற்கே போயிற்று. ஓராண்டுக்குச் சற்று மேல் ஆனதும் அந்த வீடு முன்பைவிட மோசமாகியிருந்தது.

காரணம் புரிந்துகொள்ளக் கூடியதுதான். முடிவெடுக்கும் திறன் வளரவில்லை. பொருள் சேர்க்கும் உந்துதல் அப்படியே இருக்கிறது. இந்நோய் உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோர் தேவைக்கு மேல் வாங்கவோ பொறுக்கவோ செய்கிறார்கள். வெற்று அறையின் தவிப்பும் இப்போது சேர்ந்துகொள்கிறது. எல்லாவற்றையும்விட, இனி யாரையும் உள்ளே விடக் கூடாது என்ற முடிவு அவர் மனதில் உறுதியாகிவிடும். அடுத்த முறை உண்மையான உதவி வந்து கதவைத் தட்டினாலும் திறக்க மாட்டார்.

அவர்கள் சம்மதித்துத்தானே பங்கேற்கிறார்கள்?

கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். எந்த நிலையில் என்பதையும் பார்க்க வேண்டும். வீடு பறிபோகும் நாள் குறித்தாகிவிட்டது. துப்புரவுக்கு ஆகும் பெருந்தொகை கையில் இல்லை. அந்தச் செலவையும் பிந்தைய சிகிச்சைச் செலவையும் ஏற்கிறோம் என்று ஒரு தொலைக்காட்சி சொல்கிறது. அந்த இடத்தில் நின்று ‘முடியாது’ என்று யாரால் சொல்ல முடியும்? தன் நோயைத் தானே முழுதாக உணராத நிலையும் இதில் உண்டு. டிஎஸ்எம்-5 அதைத் தனியே குறிக்கச் சொல்கிறது. அப்படிப்பட்டவரின் கழிவறையை உலகம் முழுக்க, என்றென்றும் பார்க்கும்படி செய்வதற்கு ஒரு கையெழுத்து போதாது என்பதே என் கருத்து.

இந்த நிகழ்ச்சிகளால் ஒரு நன்மையும் இல்லையா?

இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். தன் வீடு மட்டும்தான் இப்படி என்று நினைத்து வளர்ந்த பிள்ளைகள், தங்கள் அம்மாவுக்கு இருப்பது பெயருள்ள ஒரு நோய் என்பதை இந்த நிகழ்ச்சிகளிலிருந்து அறிந்தார்கள். துறை அறிந்த உளவியலாளர்களும் இவற்றில் தோன்றியிருக்கிறார்கள். மூளை ஆய்வு பற்றிச் சொன்னேனே, அந்த டேவிட் டோலினும் ‘ஹோர்டர்ஸ்’ தொடரின் தொடக்க காலத்தில் வந்தவர். அவர்கள் பேசும் பகுதிகளைக் கவனித்துப் பார்த்தால் கற்றுக்கொள்ள நிறைய இருக்கும்.

உண்மையான சிகிச்சை எப்படி இருக்கும்?

ஸ்டெகெட்டியும் ஃப்ராஸ்டும் வடிவமைத்த அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை முறையே அதிகம் ஆராயப்பட்டது. ஏறத்தாழ 26 அமர்வுகள், ஒன்பது மாதம் முதல் ஓராண்டு வரை. சில அமர்வுகள் நோயாளியின் வீட்டிலேயே நடக்கும். திரைக்கு ஏற்ற காட்சி எதுவும் அதில் கிடையாது. மாதிரிக்கு ஒரு மாலை எப்படிப் போகும் என்று சொல்கிறேன்.

மேசை மேல் ஒரே ஒரு பெட்டி. ஆலோசகர் தன் கையால் எதையும் தொட மாட்டார். நோயாளி ஒரு பழைய வார இதழை எடுக்கிறார்.

‘இதை வைத்திருக்க என்ன காரணம்?’

‘மூட்டுவலி பற்றி ஒரு கட்டுரை இருக்கிறது. தங்கைக்குக் கொடுக்க வேண்டும்.’

‘தங்கையிடம் சொல்லிவிட்டீர்களா?’

‘இன்னும் இல்லை.’

‘எத்தனை நாளாக இருக்கிறது?’

‘ஆறு வருடம் இருக்கும்.’

‘இன்று இதை விட்டால் எவ்வளவு வேதனையாக இருக்கும்? பூஜ்யத்திலிருந்து நூறுக்குள் சொல்லுங்கள்.’

‘எண்பது.’

வற்புறுத்தல் கிடையாது. சோதித்துப் பார்க்கலாமா என்று மட்டும் கேட்பார். சம்மதித்தால், நோயாளியே எழுந்துபோய் அதைத் தொட்டியில் போட வேண்டும். அன்று இரவு வேதனை எவ்வளவு, மறுநாள் எவ்வளவு, வாரக் கடைசியில் எவ்வளவு என்று குறித்துக்கொண்டு வருவார். எண்பது என்று நினைத்தது நாற்பதாகி, இருபதாகியிருக்கும். தாங்க முடியாது என்று நினைத்ததைத் தாங்க முடிகிறது என்பதை அவர் தன் கையெழுத்திலேயே படிக்கிறார். வேறொருவர் லாரியில் ஏற்றிக்கொண்டு போனால் இந்தப் பாடம் கிடைக்காது.

வாங்காமல் திரும்பும் பயிற்சியும் உண்டு. முதலில் கடைக்கு வெளியே நிற்பது, அடுத்த முறை உள்ளே போய்ப் பார்ப்பது, பிறகு பொருளைக் கையில் எடுத்துப் பார்த்து வைத்துவிட்டு வருவது. ஆலோசகர் உடன் போவார். பிறகு நோயாளி தனியே போவார்.

பலருக்கு அறிகுறிகள் நன்றாகக் குறைகின்றன. முற்றிலும் விடுபடுவோர் அவ்வளவு பேர் இல்லை. தேர்ந்த உளவியலாளர் இல்லாத இடங்களில், இதே முறையைக் கையேடாக வைத்து, இந்நோய் உள்ளவர்களே கூடி நடத்தும் குழுக்களும் பயன் தந்திருக்கின்றன.

மாத்திரை இருக்கிறதா?

இதற்கென்றே ஒப்புதல் பெற்ற மருந்து இல்லை. மனச்சோர்வுக்குத் தரும் சில மருந்துகள் சிலருக்கு உதவியிருக்கின்றன. கூடவே இருக்கும் மனச்சோர்வையோ கவனக்குறைவையோ மருந்தால் சரிசெய்தால் மற்ற சிகிச்சை எளிதாகும். இதை மனநல மருத்துவர்தான் முடிவுசெய்ய வேண்டும்.

உயிருக்கே ஆபத்தான நிலையில்கூட மாதக்கணக்கில் பொறுத்திருக்க வேண்டுமா?

வேண்டாம். தீ ஆபத்து சிறிதல்ல. ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் தீயணைப்புத் துறை பத்தாண்டுத் தரவுகளை ஆராய்ந்து 2009-இல் வெளியிட்டது. வீட்டுத் தீ விபத்துகளில் 0.25 விழுக்காடு மட்டுமே குவிப்பு வீடுகளில் நடந்தவை. தடுத்திருக்கக்கூடிய தீ மரணங்களிலோ 24 விழுக்காடு அங்கே நேர்ந்தவை. வெளியே ஓட வழியில்லை, உள்ளே வர வீரர்களுக்கு வழியில்லை.

இத்தகைய நிலையில் முழு வீட்டையும் விட்டுவிட்டு ஆபத்தை மட்டும் குறிவைக்கிறார்கள். படுக்கையிலிருந்து வாசல் வரை ஒரு நடைபாதை. அடுப்பு, ஹீட்டர், மின்பலகை ஆகியவற்றைச் சுற்றி வெற்றிடம். புகை எச்சரிக்கைக் கருவி. தலைக்கு மேல் சரியக்கூடிய அடுக்குகளைத் தாழ்த்துவது. இவ்வளவுதான். ‘இதைத் தூக்கிப்போடு’ என்பதைவிட ‘இதை அடுப்பிலிருந்து தள்ளி வைக்கலாமா’ என்ற கேள்விக்குப் பெரும்பாலும் சம்மதம் கிடைக்கும். அமெரிக்காவில் வாடகை வீட்டிலிருந்து வெளியேற்றும் நிலை வந்தால், இந்நோயை ஊனமாகக் கருதி, சீர்செய்யக் கூடுதல் அவகாசம் கேட்க வீட்டுவசதிச் சட்டத்தில் இடமுண்டு.

விலங்குகளை ஏராளமாக வைத்திருப்பதும் இதே நோயா?

நெருங்கிய உறவுடையது, ஆனால் முற்றிலும் ஒன்றல்ல. பட்டினியும் நோயுமாக விலங்குகள் கிடக்கும்போதும் ‘நான்தான் இவற்றைக் காப்பாற்றுகிறேன்’ என்று அவர் உறுதியாக நம்புவார். அசுத்தம் இங்கேதான் மிக அதிகம். அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கேரி பேட்ரோனெக் முன்னின்று 1997-இல் தொடங்கிய ஆய்வுக் குழு இதைத் தனியே ஆராய்ந்தது. உயிர்கள் துன்புறுவதால் இங்கே காத்திருக்க முடியாது, விலங்கு நல அதிகாரிகளை அழைத்தாக வேண்டும். அதே நாளில் அந்த மனிதருக்கும் மனநல உதவியைத் தொடங்க வேண்டும்.

நோய் உள்ளவர் ஊரில் இல்லாதபோது பொருட்களைக் கொஞ்சம் கொஞ்சமாக அகற்றிவிடலாமா?

செய்யாதீர்கள். கண்டுபிடித்துவிடுவார். அதன்பின் உங்களை நம்ப மாட்டார்.

பிறகு குடும்பத்தார் என்னதான் செய்வது?

பொருளைப் பற்றிய வாதத்தை விடுங்கள். அவருக்கு என்ன வேண்டும் என்று கேளுங்கள். பேரன் வந்து தங்க வேண்டும் என்பார், மேசையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்பார். அப்படியானால் அந்த மேசையிலிருந்து தொடங்கலாமா என்று கேட்கலாம். எதையும் தொடும் முன் அனுமதி கேளுங்கள். நீங்கள் வெறுக்கும் ஒன்றை அவர் வைத்துக்கொள்வதாகச் சொன்னால் விட்டுவிடுங்கள். அவரே முடிவெடுத்தது அன்றைய வெற்றி. அவர் ஒரு பையை வெளியே வைத்தால், மீதியுள்ள நூறு பைகளைப் பற்றிப் பேசாதீர்கள்.

அந்த வீட்டில் குழந்தைகள் இருந்தால் கணக்கு மாறுகிறது. படிக்க இடமில்லாமல், நண்பர்களை அழைக்க முடியாமல், வீட்டு ரகசியத்தைச் சுமந்து வளரும் பிள்ளைக்கு உடனே ஒரு சுத்தமான மூலையும், மனம் திறந்து பேச ஒரு பெரியவரும் தேவை. பெற்றோர் குணமாகும்வரை பிள்ளையைக் காத்திருக்கச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. வளர்ந்து வெளியேறியவர்களும் தங்களுக்கென்று ஆலோசகரைப் பார்ப்பது நல்லது. கோபமும் குற்றவுணர்வும் சேர்ந்தே இருக்கும், இரண்டும் நியாயமானவை.

படித்ததும் இது எனக்கே இருக்கிறது என்று தோன்றுகிறது. மருத்துவரிடம் எப்படிச் சொல்வது?

இதை மருத்துவர்கள் தாமாகக் கேட்பது அரிது. மனச்சோர்வுக்காகப் பல ஆண்டுகள் மருத்துவரைப் பார்ப்பவர்கள்கூட வீட்டைப் பற்றி வாய் திறந்திருக்க மாட்டார்கள். அதனால் பேச்சை நீங்கள்தான் தொடங்க வேண்டியிருக்கும். வரவேற்பறை, சமையலறை, படுக்கையறை மூன்றையும் வாசலில் நின்றபடி கைப்பேசியில் ஒவ்வொரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். எதையும் ஒதுக்கி வைக்காமல், இருப்பது இருந்தபடி. மருத்துவரிடம் அந்த மூன்று படங்களையும் காட்டி, ‘இவற்றை என்னால் விட முடியவில்லை’ என்று சொல்லுங்கள். ‘தூக்கிப்போட்டுவிடுங்கள்’ என்று மட்டும் பதில் வந்தால் வேறு மருத்துவரிடம் போங்கள். எதனால் முடியவில்லை என்று அவர் கேட்டால், அங்கேயே தொடருங்கள்.